ஞாயிறுதோறும் ஒரு விரற்கடை

தாண்டவமூர்த்தி முதன்முதலாக ஒரு விரற்கடை உயரம் குறைந்தது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, கேரம் பலகையில் தன்னுடைய கடைசி வெள்ளைக் காயைப் போட்டுவிட்டு, "பாத்தியா, இதுக்குப் பேருதான் ஆட்டம்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைவிட்டு எழுந்தபோது. எழுந்தவருடைய வேட்டி தரையைக் கூட்டியது. வேட்டியைத் துவைத்த லட்சணம் சரியில்லை, இழுத்து நீட்டிவிட்டாய் என்று மனைவியைத் திட்டினார். மனைவி வேதவல்லி வேட்டியைப் பார்த்தாள், அவர் தலையைப் பார்த்தாள், அந்த இடத்தில் அவர் நின்றால் எப்போதும் மறைந்துபோகும் காலண்டர் முருகனின் பாதங்கள் இன்றைக்குப் பளிச்சென்று தெரிவதைப் பார்த்தாள், பிறகு காய்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

அம்பத்தூர்ப் பக்கம், ஏரி இருந்த இடத்தில் எழும்பிய பொன்மாரி அடுக்ககத்தில் நூற்றிருபது வீடுகள், நூற்றிருபது வீட்டிலும் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு கைப்பேசி. இது குடும்பத்துக்கு நல்லதில்லை என்று கண்டுபிடித்தவர் சங்கத் தலைவர் ரங்கபாஷ்யம், பெற்ற பிள்ளைகள் மூன்று வருஷமாக அவரோடு பேசுவதில்லை என்பதால் இந்த விஷயத்தில் அவருக்குத் தனி அக்கறை. ஞாயிறுதோறும் நாலிலிருந்து ஆறுவரை எல்லா வீட்டிலும் கைப்பேசிகளை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிவிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து ஏதாவது ஒரு பலகை ஆட்டம் ஆட வேண்டும், ஆடுவதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று அறிவித்தார். கைப்பேசியைப் பாத்திரத்தில் போட்டபிறகு படம் எதில் எடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் நல்ல காரியத்தில் குறுக்குக் கேள்வி கேட்பது பொன்மாரியில் வழக்கமில்லை.

எந்த ஆட்டம் ஆடுவது என்பதில்தான் தாண்டவமூர்த்தி வீட்டில் நாலு வாரம் போயிற்று. முதல் வாரம் பரமபதம். தொண்ணூற்றெட்டில் நின்றவரைப் பாம்பு கடித்து ஏழுக்கு இறக்கியது, மகள் இலக்கியா ஏணியேறிப் போய்ச் சேர்ந்தாள். பாம்பைத் தப்பாக அச்சடித்திருக்கிறான், இவ்வளவு நீளப் பாம்பு எங்கேயும் கிடையாது என்று சொல்லிவிட்டு அவர் அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடவில்லை. இரண்டாம் வாரம் தாயம்; அவருக்கு மட்டும் தாயம் விழாமலே ஆட்டம் முடிந்தது, கட்டையில் ஓரம் தேய்ந்திருக்கிறது என்றார். மூன்றாம் வாரம் சதுரங்கம். ஒன்பதாவது நிமிஷத்தில் ராணியை இழந்தவர், "என்ன கருமாந்தர ஆட்டம் இது? ராணி ஊரெல்லாம் சுத்துறா, ராஜா ஒரு கட்டம் நகர்றதுக்குள்ள முக்கி முனகுறான். இதெல்லாம் நம்ம கலாச்சாரத்துக்கு ஒத்துவராது" என்று எழுந்து போய்விட்டார். நாலாம் வாரம் எழுத்துகளை அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை கட்டும் ஆட்டம். எந்த அகராதியிலும் இல்லாத ஒரு வார்த்தையைக் கட்டிவிட்டு, தன் ஆபீஸில் இதைத் தினமும் சொல்கிறார்கள் என்று சாதித்தார். ஐந்தாம் வாரம், பரணில் கிடந்த கேரம் பலகையை அவரே ஏறி இறக்கினார், அவர் ஏறி இறக்கிய கடைசிப் பொருளும் அதுதான்.

அந்தப் பலகை பரணுக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும். வேதவல்லி வியாசர்பாடிக்காரி. அங்கே தெருமுனைக் கேரம் மன்றத்தில், பவுடர் வாசனையும் விளக்கு வெளிச்சமுமாக வளர்ந்தவள், பத்தொன்பது வயதில் ஜில்லாப் போட்டியில் கோப்பை வாங்கியவள். அந்தக் கோப்பையில் இன்றைக்கு மல்லித்தூள் இருக்கிறது, அது ஏதோ பள்ளிக்கூடத்தில் கோலப் போட்டிக்குக் கொடுத்தது என்று அவள் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமான முதல் வாரம் புது மாப்பிள்ளை ஆசையாகக் கேரம் ஆடலாமா என்று கேட்க, இவளும் அசட்டுத்தனமாக நிஜமாகவே ஆடி, ஒரே மூச்சில் ஒன்பது காயையும் ரெட் என்கிற சிவப்புக் காயையும் உள்ளே தள்ளிவிட்டாள். மாப்பிள்ளை மூன்று நாள் சாப்பிடவில்லை, ஐந்து நாள் பேசவில்லை, பலகை பரணேறிவிட்டது. மாமியார் கூப்பிட்டு, "ஆம்பளை மனசு, பாத்து நடந்துக்கம்மா" என்றார். அதற்கப்புறம் அவள் பார்த்து நடந்துகொண்டாள், இருபத்தாறு வருஷமாக.

தவறவிடுவது லேசு என்று நினைப்பவர்களுக்குக் கேரமும் தெரியாது, குடும்பமும் தெரியாது. போடுவதற்கு ஒரு கை வேண்டும் என்றால் தவறவிட இரண்டு மடங்கு கை வேண்டும். ரொம்பத் தள்ளிப் போனால் சந்தேகம் வரும், அதனால் காய் பாக்கெட்டின் உதட்டைத் தொட்டு, உள்ளே விழுவதுபோல் ஒரு கணம் தயங்கி, பிறகு திரும்ப வேண்டும். நாலுக்கு ஒன்றைப் போடவும் வேண்டும், இல்லாவிட்டால் ஜெயிக்கிறவருக்கு ருசி இருக்காது. போட்டபிறகு "ஐயோ, அதிர்ஷ்டம்" என்று சொல்ல வேண்டும். தவறியதும் "ச்சே" என்று நாக்கைக் கடிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கடிக்கக் கூடாது. இத்தனையும் செய்து முடித்த சாயங்காலத்தில்தான் அவருக்கு வேட்டி நீளமாயிற்று.

மறு ஞாயிறு இன்னொரு விரற்கடை, அதற்கு மறு ஞாயிறு இன்னொன்று. அடுக்கக வாசலில் கடை போட்டிருக்கும் டெய்லர் உஸ்மான் பாய் பேன்ட்டின் அடியை மடித்துத் தைத்துக் கொடுத்தார், நாலாவது தடவை மடிக்க இடமில்லாமல் வெட்டினார். "வெயில்ல துணி நீளும் சார்" என்று அவரே ஒரு காரணமும் சொல்லி அனுப்பினார். டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்துப் பார்த்து, எல்லாம் நார்மல், வயசானால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், காலையில் வெயிலில் நில்லுங்கள் என்றார். காலையில் வெயிலில் நிற்கப் போன இடத்தில்தான் தாண்டவமூர்த்தி பார்த்தார்: ஏ பிளாக்கிலிருந்து ஆறு பேர், பி பிளாக்கிலிருந்து ஒன்பது பேர், எல்லாரும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கணக்கு பெண்களுக்குத்தான் முதலில் புரிந்தது. தாயக்கட்டை உருட்டுகிற வீடுகளில் ஒருவரும் குறையவில்லை, ஏனென்றால் கட்டைக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. கேரமும் சதுரங்கமும் ஆடுகிற வீடுகளில், வீட்டுக்காரரை வேண்டுமென்றே ஜெயிக்கவிட்டால் ஒரு ஜெயத்துக்கு ஒரு விரற்கடை. சி பிளாக் செபாஸ்டியன் காய்ச்சலில் கிடந்தபோது அவர் மனைவி இரக்கப்பட்டு அவரை இரண்டு தடவை ஜெயிக்கவிட்டாள், இரண்டு விரற்கடை போயிற்று. காய்ச்சல் விட்டதும் பழையபடி இரண்டு தடவை தோற்கடித்தாள், இரண்டும் திரும்பி வந்தன. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும்போது பெண்கள் இதைப் பேசி முடித்துவிட்டார்கள். பேசி முடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய், அடுத்த ஞாயிறும் விட்டுக்கொடுத்தார்கள், ஏனென்றால் குட்டையான புருஷனோடு குடித்தனம் நடத்திவிடலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் புருஷனோடு ஒரு வாரம் நடத்துவது கஷ்டம்.

ஆண்கள் மூன்று வாரம் வெட்கப்பட்டார்கள், தடித்த செருப்பு வாங்கிப் போட்டார்கள், நாலாவது வாரம் பொதுக்குழுவில் ரங்கபாஷ்யம் நாற்காலிமேல் ஏறி நின்று, "குறையறது உயரம் இல்ல, கூடுறது மரியாதை! வீட்ல மதிப்பில்லாதவன்தான் வளந்து நிப்பான்!" என்று முழங்கினார். கைதட்டல் ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். மற்ற ஊர்களில் கதவு நிலையில் பிள்ளைகள் வளர்வதைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பார்கள், பொன்மாரியில் அப்பாக்கள் குறைவதைக் கோடு போட்டு, தேதி எழுதி, விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள். காலை நடையில், "எங்க வீட்ல இந்த மாசம் அஞ்சு விரற்கடை" என்று ஒருவர் சொன்னால், "அஞ்சா? எங்க வீட்ல மருமகளும் விட்டுக்கொடுக்குது, ஒம்போது" என்பார் இன்னொருவர். லிஃப்டில் முட்டிக்கு நேராக இரண்டாவது வரிசைப் பொத்தான்கள் வந்தன. கதவுகளில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் துளையைக் கீழே இறக்கித் துளைத்தார்கள். செபாஸ்டியன் மட்டும் ஆறடியில், பனைமரம் மாதிரி, பாவம், பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்ட நடந்துபோவார். பொண்டாட்டியிடம் வாரா வாரம் அடி வாங்குகிற மனுஷன் என்று அவரை எந்தக் கமிட்டியிலும் சேர்க்கவில்லை, கடைசியில் அவரும் முட்டியை மடக்கி மடக்கி நடக்கப் பழகிக்கொண்டார்.

ஒன்றேகால் வருஷத்தில் தாண்டவமூர்த்தி இரண்டேமுக்கால் அடிக்கு வந்துவிட்டார். ஸ்கூட்டரை வேதவல்லிதான் ஓட்டினாள். அவர் முன்னால், சின்னப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில், கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "இண்டிகேட்டரப் போடு, ஹாரன் அடி, ஓட்டத் தெரியலன்னா எங்கிட்ட குடுத்திரு" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வருவார். சாப்பாட்டு மேஜைக்கு அவரைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். தூக்கும்போது கையைக் காலை உதைக்காமல், பெருந்தன்மையாக, கல்யாண ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அந்த முகத்தைப் பார்க்கும்போது வேதவல்லிக்கு அருவருப்பாக இருக்கும், அவர்மீது கொஞ்சம், தன்மீது நிறைய. இரண்டேமுக்கால் அடிப் பெருமையை விரல் விரலாகச் செதுக்கியது அவளுடைய கைதானே.

ஒரு நாள் கேட்டும் பார்த்தாள். "என்னங்க, வர்ற ஞாயித்துக்கிழமை நான் நிஜமா ஆடட்டுமா? ஒவ்வொரு விரற்கடையா பழையபடி ஆயிடுவீங்க."

"நிஜமான்னா?" என்றார் தாண்டவமூர்த்தி, முக்காலியில் நின்றபடி. "அப்போ இத்தன நாள் என்ன பொய்யாவா ஆடுன?"

"சும்மா சொன்னேன்."

"நான் நாலு பேரு மதிக்க நல்லா இருக்கிறது ஒனக்குப் பொறுக்கல. செபாஸ்டியன் மாதிரி நெட்டையா நிக்கணும், ஊரு சிரிக்கணும், அதான?"

அவள் பேச்சை விட்டுவிட்டாள். பேச்சை விடுவதிலும் அவளுக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம் இருந்தது.

இதற்குள் விஷயம் பொன்மாரியின் மதில் தாண்டிப் போயிருந்தது. கொளத்தூர், பாடி, முகப்பேர் என்று எங்கெல்லாம் லிஃப்ட் வைத்த வீடுகள் இருந்தனவோ அங்கெல்லாம் கௌரவமானவர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். வரன் விளம்பரங்களில் குலம், நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் "தகப்பனார் மூன்றடிக்குள்" என்று போட்டார்கள். பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்வது, சமைக்கத் தெரியுமா என்று கேட்பது எல்லாம் பழைய காலமாகி, பலகையைப் போட்டு மாப்பிள்ளையோடு மூன்று ஆட்டம் ஆடச் சொல்வது வழக்கமாயிற்று. பெண் எப்படித் தோற்கிறாள் என்பதைப் பார்த்தால் அவள் வளர்ப்பு தெரிந்துவிடுமாம். கூச்சலில்லாமல் தோற்கிறாளா, முகம் சுண்டாமல் தோற்கிறாளா, தெரிந்து தோற்கிறாள் என்பதே தெரியாமல் தோற்கிறாளா என்று பார்த்து, ஊருக்குப் போய்க் கடிதம் போடாமல் அங்கேயே பூ வைத்துவிடுவார்கள்.

இலக்கியாவுக்கு இருபத்துநாலு வயது. கொளத்தூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் கோதண்டபாணி போனில் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு நல்லா தோக்குமா சார்?"

"எங்க வீட்டுப் பொண்ணு சார்!" என்றார் தாண்டவமூர்த்தி, மார்பை நிமிர்த்தி. போனை வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டு, "அவளுக்குப் பலகை சொல்லிக்குடு. உன்ன மாதிரி ஆடுனா போதும்" என்றார். அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மூன்று வாரம் வேதவல்லி மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் போடக் கற்றுக்கொடுத்தாள், போடத் தெரியாமல் தவறவிட முடியாது. இலக்கியாவின் விரல் அம்மாவின் விரலைவிட நல்ல விரல். பத்து நாளில் ரெட்டை நடு வட்டத்திலிருந்து நேராக மூலைக்கு அனுப்பினாள், அனுப்பிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள், வியாசர்பாடி மன்றத்தில் பத்தொன்பது வயதில் தான் சிரித்த சிரிப்பு இப்படித்தான் இருந்திருக்கும் என்று வேதவல்லிக்குத் தோன்றியது. பதினோராம் நாளிலிருந்து அந்தக் கைக்குத் தவறவிடக் கற்றுக்கொடுத்தாள். பாக்கெட்டின் உதட்டைத் தொட வை, தயங்க வை, திருப்பு. நாக்கைக் கடி. அப்படியில்லை, இன்னும் கொஞ்சம் அசடாகக் கடி.

"வாரத்துல ஒரு நாளு, ரெண்டு மணி நேரம். அவ்ளோதானேம்மா?" என்றாள் இலக்கியா.

அவ்வளவுதான் என்று வேதவல்லியால் சொல்ல முடியவில்லை. தவறவிட்டுப் பழகிய கை பலகையோடு நிற்பதில்லை என்று அவளுக்குத்தான் தெரியும். கல்யாணமான நாலாம் வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலைக்கு நேர்முகத்துக்குப் போனாள். கேட்ட ஐந்து கேள்விக்கும் பதில் தெரியும். மூன்று சொன்னாள். நாலாவதைக் கேட்கும்போது, வெளியே பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்த கணவர் கதவிடுக்கில் தெரிந்தார், உடனே வாய் தன்னால், "அது... சரியாத் தெரியலீங்க" என்றது, நாக்கும் தன்னால் கடித்துக்கொண்டது. யாரும் அவளைத் தோற்கச் சொல்லவில்லை. இப்போது அதே கையை மகளுக்கு மாட்டி அனுப்பப் போகிறாள், மூன்று வாரத்தில், சிரத்தையாக, ஒரு குறையுமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஹரிகரசுதன், ஐந்தடி பதினோரு அங்குலம், இன்னும் கல்யாணமாகாததால் முழு உயரத்தில் இருந்தான். தாயார் விசாலம் அவனுக்குப் பின்னால், இடுப்பில் புருஷனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோதண்டபாணி தினமும் சதுரங்கம் ஆடுகிறவர், ஞாயிறு மட்டும் ஆடுகிறவர்களை ஏளனமாகப் பார்ப்பவர், ஒன்றரை அடிக்கு வந்திருந்தார். சோபாவில் மூன்று தலையணை அடுக்கி அவரை உட்கார வைத்தார்கள். தாண்டவமூர்த்தி தன்னுடைய இரண்டேமுக்கால் அடியை நினைத்துக் கொஞ்சம் கூசி, தோளைக் குறுக்கிக்கொண்டு கும்பிட்டார். விசாலம் வலது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?" என்று வேதவல்லி மெதுவாகக் கேட்டாள்.

"பழகிருச்சு. தூக்குறது பரவால்லங்க, தூக்கிட்டுப் போகும்போது வழி சொல்லிட்டே வருவாரு பாருங்க, அதான்" என்றாள் விசாலம்.

பலகையைப் போட்டார்கள். ஹரிகரசுதன் ஸ்ட்ரைக்கரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டாணி மாதிரி பிடித்தான். அடித்தது எங்கோ பட்டு, எங்கோ இடித்து, சம்பந்தமே இல்லாத ஒரு காய் உள்ளே விழுந்தது. "கட் ஷாட்" என்று சொன்னான். கோதண்டபாணி தலையணைமேல் துள்ளினார். இலக்கியா அடித்தாள், காய் உதட்டைத் தொட்டு, தயங்கி, திரும்பியது, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல். வேதவல்லி சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாக.

"விரல வளைக்காதீங்க, நான் சொல்லித்தர்றேன் பாருங்க" என்று ஹரிகரசுதன் பட்டாணிப் பிடியைக் காட்டினான். இலக்கியா, "ஓ, அப்படியா?" என்று கேட்டுக்கொண்டாள். முதல் ஆட்டம் அவனுக்கு. அவன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டபோது கை விளிம்பு மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்திருந்தது. "ஆரம்பிச்சிருச்சு, ஆரம்பிச்சிருச்சு!" என்று கோதண்டபாணி கத்தினார், தாண்டவமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார், பூக்கூடையை எடுக்கச் சொன்னார். விசாலம் தன் மகனின் சட்டைக் கையைப் பார்த்தாள், பிறகு வலித்த தோளைத் தடவிக்கொண்டு கீழே பார்த்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் இலக்கியாவின் ஆறு கறுப்புக் காய்கள் மீதி. அதில் ஒன்று பாக்கெட்டின் வாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாராவது தும்மினால் விழுந்துவிடும். அதைப் போடாமலிருக்க வேண்டுமென்றால் வெட்கத்தை முழுசாக விட்டுவிட வேண்டும். இலக்கியா ஸ்ட்ரைக்கரை வைத்தாள், கொஞ்சம் நகர்த்தினாள், இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள், தவறவிட இடம் தேடினாள். அவள் முகத்தில், அடிப்பதற்கு முன்பே, அந்த அசட்டுச் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. அது யாருடைய சிரிப்பு என்று வேதவல்லிக்குத் தெரிந்தது. நாலாவது கேள்விக்குப் பதில் தெரியாது என்று சொன்னவளுடைய சிரிப்பு. இனி இது இந்த முகத்தைவிட்டுப் போகாது.

"போடு" என்றாள் வேதவல்லி.

அறையில் எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன சொன்ன?" என்றார் தாண்டவமூர்த்தி.

"போடுன்னேன். வாயில தொங்குது, போடாம என்ன பண்ணுவா? இலக்கியா, போடுடி."

"வேதா! புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

இலக்கியா அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஸ்ட்ரைக்கரைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, விரலை வளைத்து, போட்டாள். அடுத்ததையும் போட்டாள். ரெட்டைப் போட்டாள், அதை உறுதிப்படுத்த ஃபாலோவாக இன்னொரு காயும் போட்டாள். கோதண்டபாணி, "இது என்ன குடும்பம்? இது என்ன வளர்ப்பு?" என்று தலையணைகளை உதைத்துக்கொண்டிருக்க, மீதி மூன்றும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், மூலை மூலையாகப் போய் விழுந்தன. ஹரிகரசுதனின் சட்டைக் கை மெல்ல ஏறி மணிக்கட்டுக்கு வந்தது, அவன் அதைக் குனிந்து பார்த்தான்.

"சம்பந்தம் முறிஞ்சுது!" என்றார் கோதண்டபாணி. "ஏய் விசாலம், தூக்கு, கெளம்பு!"

தாண்டவமூர்த்தி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சோபாவுக்கும் பலகைக்கும் நடுவே ஓடினார். "சார், சார், சின்னப் பொண்ணு சார், மூணாவது ஆட்டம் இருக்கு சார், அதுல தோத்துருவா சார்."

"தோக்க மாட்டேன்ப்பா" என்றாள் இலக்கியா.

"அப்ப... அடுத்த ஆட்டம் நாம ரெண்டு பேரும் நிஜமாவே ஆடலாமா?" என்று ஹரிகரசுதன் இழுத்தான்.

"மொதல்ல ஸ்ட்ரைக்கரப் புடிக்கக் கத்துக்கிட்டு வாங்க" என்றாள் அவள், பவுடர் படிந்த கையைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். தட்டியதில் கொஞ்சம் பவுடர் அவன் ஷூவில் விழுந்தது.

விசாலம் எழுந்தாள். தலையணைமேலிருந்த புருஷனை இரண்டு கையாலும் தூக்கினாள், இடுப்பில் வைத்துக்கொள்வாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் இறக்கிவிட்டாள். "கால் இருக்குல்ல, கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றாள். பிறகு போய், மகன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த காய்களைக் கூட்டி, நடு வட்டத்தில் வெள்ளையும் கறுப்புமாக அடுக்கினாள். அடுக்குகிற கை, அடுக்கத் தெரிந்த கை.

"நீங்களும் ஆடுவீங்களா?" என்றாள் வேதவல்லி.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆடுவேன். அப்புறம் அவரு சதுரங்கம் வாங்கிட்டு வந்துட்டாரு. ஒரு ஆட்டம் போடலாமா?"

வேதவல்லி எதிரே உட்கார்ந்தாள். "நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

"குடுத்தா கையை ஒடிச்சிருவேன்" என்றாள் விசாலம்.

ஆடினார்கள். ஒன்றேகால் வருஷமாகத் திருப்பித் திருப்பி அனுப்பிய காய்களை வேதவல்லி ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே அனுப்பினாள், விசாலமும் சளைக்கவில்லை, துரு ஏறிய விரல் என்று முதல் நாலு அடியில் தெரிந்தது, ஐந்தாவதில் துரு விட்டுவிட்டது. பலகையின் விளிம்பு எட்டாத உயரத்தில் இரண்டு வீட்டுக்காரர்களும் கீழே சுற்றிச் சுற்றி வந்தார்கள். காய் விழுகிற சத்தம் மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டது. "யாரு போட்டா? இப்ப விழுந்தது யாருது?" என்று கோதண்டபாணி மேஜைக் காலைப் பிடித்து ஆட்டினார். "வேதா, காப்பி போடணும், மணி ஆறாச்சு, வேதா" என்றார் தாண்டவமூர்த்தி. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர், குரலை இறக்கி, "நாளைக்கு என்கூட ஆடுவியா?" என்று கேட்டார்.

"ஆடுவேன்" என்றாள் வேதவல்லி, பலகையிலிருந்து கண்ணெடுக்காமல். "ஆனா போட்டுத்தான் ஆடுவேன். சாப்பிடாம இருந்தா இருங்க, பசிச்சா நீங்களே வருவீங்க."

ரெட் விசாலம் பக்கம் விழுந்தது, ஃபாலோ விழவில்லை, ரெட்டை எடுத்துத் திரும்ப நடுவில் வைத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு காய் மீதி. விசாலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். ரெட் பாக்கெட்டுக்கு நூலிழை தள்ளி மரத்தில் இடித்து நின்றது. அவள் நாக்கைக் கடிக்கவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றை, மகன் எதிரிலேயே, சத்தமாகச் சொன்னாள். வேதவல்லி ரெட்டைப் போட்டாள், கடைசிக் காயைப் போட்டாள், பலகையில் விசாலத்தின் ஒற்றைக் காய் மட்டும் மிஞ்சியது.

விசாலம் அந்தக் காயைப் பார்த்தாள். பிறகு முகம் சிவக்க, கண் நிறைய, வீடே அதிரச் சிரித்தாள். கீழேயிருந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்த கோதண்டபாணியிடம் குனிந்து, "ஏங்க, முப்பது வருஷத்துல இன்னைக்குத்தாங்க நான் தோத்துருக்கேன்" என்றாள்.